மேசையில் இரண்டு தட்டு

மார்ச் 2

அன்புள்ள வாலுக்கு,

நான் நலம் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருந்தால் சரி.

போனில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறானே என்று நினைக்காதே. போனில் நீ 'ம், ம்' கொட்டிக்கொண்டே வேறு ஏதாவது வேலை பார்ப்பாய். இது அப்படிக் கேட்கிற விஷயம் இல்லை. காகிதத்தில் இருந்தால் உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும்.

மூன்று வாரமாக எந்தத் தெருவில் போனாலும் ஒரு பாட்டு காதில் விழுகிறதே, எந்நேரமும் தொப்பியோடு திரிகிறானே ஒருவன், அவன் இசை போட்டது. முடிவெட்டுகிற இடத்தில் அதுதான். எங்கள் காப்பக வாசலில் காவலாளியின் போனிலும் அதுதான். முதல்முறை கேட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அது நம் பாட்டு, வாலு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் உன் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நீங்கள் ஆறு பேர் பாட நான் பதிவு செய்த பாட்டு. 'ஓடும் தண்ணியில இறங்காதே ஒய்யாரி, உன் ஒத்தத் தோடு என் கையில.' மெட்டை அப்படியே எடுத்து, மேலே டமடமவென்று எதையோ கொட்டி, குதிக்கிற பாட்டாக்கிவிட்டான்.

அந்த ஒரு பாட்டை வைத்துத்தான் 'தண்ணீரும் தோடும்' என்ற என் புத்தகமே நிற்கிறது என்பது உனக்குத் தெரியும். அந்தப் புத்தகத்தால்தான் நான் நாட்டுப்பாடல் காப்பகத்தின் தலைவராக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். சும்மா இருக்க முடியுமா? பத்திரிகையில் கட்டுரை எழுதினேன். திருட்டு என்ற சொல்லைத்தான் போட்டேன், வேறு நாகரிகமான சொல் கிடைக்கவில்லை. அவன் பதிலுக்கு, 'இது எங்கப்பா பாட்டு' என்கிறான். இசைக் கழகம் விசாரணை வைத்துவிட்டது. இந்த மாதம் 28ஆம் தேதி, காலை பதினொரு மணி. பாட்டு பழையது என்று நிரூபணமானால் அவன் அதைத் திரும்பப் பெற வேண்டும், திருடியவன் என்று பதிவாகும். நிரூபிக்க முடியாவிட்டால் பொய்ப் புகார் சொன்னவன் நான். அதற்கப்புறம் இந்த நாற்காலியும் இல்லை, புத்தகமும் இல்லை.

உன்னிடம் கேட்பது சின்ன உதவி. பாடிய பெண்களில் இப்போது இருப்பவர்கள் ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தாளை அடுத்த கடிதத்தில் அனுப்புகிறேன். கடையில் விற்கிற பாட்டு காதில் விழுந்த மறுநாளே செத்துவிடும். இருபது முப்பது வருஷம் வாயில் நிற்கிற மெட்டை அப்படிப் பாட்டு விற்கிற கூட்டத்தால் உண்டாக்கவே முடியாது. இது யாருக்கும் தெரிகிற விஷயம்தான், ஆனாலும் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள்.

உடனே பதில் எழுது.

உன் அண்ணன்


மார்ச் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

வாலு எழுதுவது. ஐம்பத்து நாலு வயதாகிறது, மேற்பார்வையாளர் என்று சட்டையில் பட்டைகூடக் குத்தியிருக்கிறேன், உனக்கு மட்டும் இன்னும் வால்தான். இருக்கட்டும்.

உன் கடிதம் வேலை நேரத்தில் வந்தது. பையிலேயே வைத்திருந்து மூன்று தடவை எடுத்து எடுத்துப் படித்தேன். மூன்றாவது தடவை படித்துக்கொண்டே விரிப்பை உருளைக்குள் விட்டதில் மணிக்கட்டில் சுட்டுக்கொண்டேன். பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த உருளை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இரண்டு பேர் இந்தப் பக்கம் ஈர விரிப்பை விட, அது சூட்டில் உருண்டு அந்தப் பக்கம் காய்ந்து வரும், இரண்டு பேர் வாங்கி மடிப்போமே. அதே உருளைதான் இன்னும். கிழடாகிவிட்டது, என்னைப் போல.

அந்தத் தொப்பிக்காரன் பாட்டு எங்கள் சாப்பாட்டு அறையிலும் ஓடுகிறது. உன்னிடம் மறைப்பானேன், எல்லோருக்கும் அது ரொம்பப் பிடித்திருக்கிறது. நேற்று நாலைந்து பேர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுவிட்டு ஆடினார்கள். அன்றைக்கு எங்களோடு பாடிய பெரியக்கா வேலையை விட்டு ஏழெட்டு வருஷமாகிறது, முழங்காலுக்கு மருந்து வாங்க வந்தவள், கம்பை மூலையில் சாத்திவிட்டு அவளும் ஆடினாள். "ஏய், நம்ம பாட்டை டிவில போடுறாங்கடி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கோபமே இல்லை அவளுக்கு. உனக்குத்தான் கோபம்.

ஒன்று கேட்கிறேன். நீ 'நம் பாட்டு' என்று எழுதியிருக்கிறாய். புத்தகத்தில் அப்படி இல்லையே. 'பெயர் தெரியாத பெண் தொழிலாளர்கள்' என்றுதானே இருக்கிறது. சரி சரி, சும்மா சீண்டினேன்.

அண்ணா, இந்த விசாரணைக்குப் போய்த்தான் ஆக வேண்டுமா? கட்டுரையோடு நிறுத்திக்கொள்ள முடியாதா? கொஞ்சம் யோசி. உன் மாப்பிள்ளை உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்
தங்கை


மார்ச் 9

அன்புள்ள வாலுக்கு,

மணிக்கட்டுக்கு மருந்து போட்டாயா? சூட்டுப் புண்ணை அலட்சியம் செய்யாதே.

நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை உன் கடிதத்தில். உருளை இருக்கிறது, பெரியக்காவின் முழங்கால் இருக்கிறது, ஆட்டம் இருக்கிறது. போடுகிறேன் அல்லது போட மாட்டேன் என்று ஒரு வரி இல்லை. எதையோ மென்று விழுங்குகிறாய் என்று தெரிகிறது. பயப்படுகிறாயா? மேலதிகாரி ஏதாவது சொல்வார் என்றா?

அவர்கள் ஆடினார்கள் என்றால் அதற்கு அவர்கள் பொறுப்பில்லை. தங்களிடம் இருப்பதன் மதிப்பு தங்களுக்கே தெரியாதவர்கள். அதைத் தெரிந்து பாதுகாக்கத்தான் என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம். இதே மெட்டை நீங்கள் பாடியபோது ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஒரு மௌனம் வந்ததே, அந்த மௌனத்தில் மேசையில் இரண்டு தட்டு தட்டினீர்களே. அந்த இரண்டு தட்டைப் பற்றி மட்டும் பதினோரு பக்கம் எழுதியிருக்கிறேன். ஆற்றங்கரைக் கல்லில் துணி துவைத்த பெண்களின் கை, தலைமுறை தாண்டி உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று. அந்தத் தடியன் அங்கே போய் டிரம்மை வைத்திருக்கிறான். அங்கேதான் எனக்கு மனசே விட்டுப்போயிற்று.

வாக்குமூலம் இத்துடன் இருக்கிறது. ஒரே பக்கம். 'இப்பாடலை நாங்கள் எங்கள் தாய்மார்களிடமிருந்து வாய்வழியாகக் கற்றோம். இது எந்த இசைத்தட்டிலிருந்தோ நாடாவிலிருந்தோ கற்றதல்ல.' கீழே ஆறு கோடு போட்டிருக்கிறேன். இருப்பவர்கள் போட்டால் போதும். 20ஆம் தேதிக்குள் என் கையில் இருக்க வேண்டும்.

இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. உன் ஒரு கையெழுத்தில் என் முப்பது வருஷம் தொங்குகிறது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

உன் அண்ணன்


மார்ச் 13

அன்புள்ள அண்ணனுக்கு,

தாள் வந்தது. என் அலமாரியில் சீருடைக்கு அடியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். பூட்டிவிட்டு, பூட்டினேனா என்று திரும்பப் போய்ப் பார்க்கிறேன். என் நிலைமை அப்படி இருக்கிறது.

ஆறு பேரில் இப்போது நாலு பேர் இருக்கிறோம். மற்ற மூன்று பேரும் போடத் தயார். "அண்ணன் கேக்குறாருல்ல, போட்டுக் குடுத்தா போச்சு" என்கிறாள் பெரியக்கா. அவளுக்கு உன் மேல் அவ்வளவு மரியாதை. அன்றைக்கு எங்கள் பாட்டைக் கேட்டு நீ அழுதாய் அல்லவா, அதை இன்னும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தாளை வெளியே எடுக்காதவள் நான்தான்.

அண்ணா, அதில் எழுதியிருப்பதை நீ நிதானமாகப் படித்தாயா? எங்கள் தாய்மார்களிடமிருந்து என்கிறாய். என் தாய் யார்? உனக்கும் அவள்தானே தாய்? அம்மா பாடி நீ என்றைக்காவது கேட்டிருக்கிறாயா? தாலாட்டே பாடாமல் தொட்டிலை ஆட்டியே நம் இருவரையும் தூங்கவைத்தவள் அவள். "பாட்டு வந்தா நான் ஏன் உங்களை இப்படி ஆட்டுறேன்" என்பாளே. அந்த அம்மாவிடம் நான் பாட்டுக் கற்றேன் என்று எனக்கே எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொல்கிறாய். எழுதும்போது உனக்குச் சிரிப்பு வரவில்லையா? எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொப்பிக்காரனின் அப்பா ஒரு பேட்டியில் பேசியதைச் சாப்பாட்டு அறையில் போனில் காட்டினார்கள். பார்த்தாயா? ஒல்லியான மனுஷன். ஒரு காலத்தில் பேண்டு வைத்திருந்தாராம். கல்யாண வீடு, கடைத் திறப்பு என்று வாசித்தவர். "நான் போட்ட மெட்டுங்க. ஒரே ஒரு கேசட்டு போட்டோம். வீட்டுல தண்ணி புகுந்ததுல எல்லாம் போச்சு, ஒண்ணுகூட இல்ல" என்றார். பேட்டி எடுத்தவன் சிரித்துவிட்டான். பேட்டிக்குக் கீழே ஊரே சிரித்து எழுதியிருக்கிறது. பையன் திருடிவிட்டு அப்பனைப் பொய் சொல்லச் சொல்கிறான் என்று எழுதியிருக்கிறார்கள். உன் கட்டுரையிலிருந்து வரிகளை எடுத்துப் போட்டிருந்தார்கள். அந்த மனுஷன் முகத்தை நீ பார்க்க வேண்டும், அண்ணா. சத்தியம் செய்கிறவர் மாதிரி இல்லை, தொலைத்ததைத் தேடுகிறவர் மாதிரி இருந்தது.

நீ தயவுசெய்து விசாரணையைத் தள்ளிப்போடச் சொல். எனக்குக் கொஞ்சம் நாள் வேண்டும்.

அன்புடன்
தங்கை


மார்ச் 16

வாலு,

தள்ளிப்போட முடியாது. கேட்டேன்.

அம்மா விஷயத்தை நான் கவனிக்கவில்லை என்பது உண்மை. அது ஒரு வழக்கமான வாசகம். 'முன்னோரிடமிருந்து' என்று மாற்றிக்கொள்ளலாம், அதற்கு இத்தனை பெரிய பேச்சு வேண்டாம்.

அந்தப் பேண்டுக்காரரைப் பார்த்தேன். கல்யாண வீட்டில் டிரம்பெட் ஊதியவருக்கு இந்த மெட்டு எங்கிருந்து வரும்? எங்காவது கேட்டிருப்பார், தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருப்பார். அந்த மாதிரிப் பாட்டையெல்லாம் நீ சின்ன வயதிலிருந்தே வாயைப் பிளந்துகொண்டு கேட்பாய். உன் ரசனை எனக்குத் தெரியாததா? ஆனால் ரசனை வேறு, சாட்சி வேறு. ஒல்லியான முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு அண்ணனைக் குழியில் தள்ளாதே.

கழகத்திலிருந்து இன்று மீண்டும் ஆள் வந்து கேட்டுவிட்டுப் போனார். தாள் எங்கே?

அண்ணன்


மார்ச் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். ஐந்தாவது இது. இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

கையெழுத்து இல்லை. தாளை வெறுமையாகவே திருப்பி அனுப்புகிறேன். மற்ற மூன்று பேரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். கூட ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். அதில் ஒரு கேசட் இருக்கிறது. உறையில் நாலு பேர் வெள்ளைக் கால்சட்டையில் நிற்பார்கள், நடுவில் டிரம்பெட்டோடு நிற்பது அந்த ஒல்லி மனுஷன். இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு.

'ஓடும் பஸ்ஸுல ஏறாதே ஒய்யாரி, உன் ஒத்தச் செருப்பு என் கையில. திரும்பிப் பாக்காமப் போகாதே, தெருவே சிரிக்குது என் பின்னால.'

எனக்குப் பதினாறு வயதில் வாங்கியது. தேய்ந்துபோகிற அளவுக்குக் கேட்டேன். சலவைக்கூடத்தில் சேர்ந்த முதல் வருஷம் நான்தான் அதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மெதுவானது ஏன் என்று ஒரு அத்தியாயம் எழுதினாயே, துயரம், நீரோட்டம் என்றெல்லாம். உருளை மெதுவாகச் சுற்றும், அண்ணா. கேசட்டில் இருக்கிற வேகத்தில் பாடினால் கை முந்திக்கொண்டு விரிப்பு சிக்கிவிடும். ஒரு விரிப்பு உள்ளே போய் வெளியே வருகிற நேரம்தான் எங்கள் ஒரு வரி. அந்த மௌனம், கேசட்டில் டிரம்பெட் வருகிற இடம். டிரம்பெட்டுக்கு நாங்கள் எங்கே போவது? வாயை மூடிக்கொண்டோம். இரண்டு தட்டு, டிரம். தொப்பிக்காரன் அங்கே டிரம்மை வைக்கவில்லை. இருந்த இடத்தில் திருப்பி வைத்தான்.

பஸ் ஏன் தண்ணீரானது என்று மட்டும் நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எங்களோடு சிட்டு என்று ஒருத்தி இருந்தாள். நீ பதிவு செய்ய வந்ததற்கு மூன்று வருஷம் முன்னால், வேலை முடிந்து ஓடிப்போய் நகர்கிற பஸ்ஸில் காலை வைத்தாள். வழுக்கிவிட்டது. நாங்கள் ஓடிப்போனபோது ரோட்டில் ஒற்றைச் செருப்புதான் கிடந்தது. அதற்கப்புறம் ரொம்ப நாள் யாரும் பாடவில்லை. ஒரு நாள் பெரியக்கா உருளையில் விரிப்பை விட்டுக்கொண்டே ஆரம்பித்தாள். பஸ் என்ற இடம் வந்ததும் வாய் வரவில்லை அவளுக்கு. தண்ணி என்றாள். செருப்பு என்ற இடத்தில் தோடு என்றாள். 'சிரிக்குது' வரவேண்டிய இடத்தில் 'அழுவுது' என்றாள். அப்படியே நின்றுவிட்டது.

அதனால் அது எங்கள் பாட்டு இல்லை என்று நான் சொல்லவே இல்லை. எங்கள் பாட்டுதான். ஆனால் ஆற்றங்கரையிலிருந்து வந்தது இல்லை, கடையில் விற்ற கேசட்டிலிருந்து வந்தது. காதில் விழுந்த மறுநாளே செத்துவிடும் என்று நீ எழுதினாயே, அந்தப் பாட்டுதான் எங்கள் சிட்டுவைச் சுமந்துகொண்டிருந்தது.

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ பெரியக்காவிடம், "இதை யார்கிட்டக் கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாய். அவள், "எப்பவும் பாடுறதுதாங்க" என்றாள். நான் உன்னைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இதோ கண்டுபிடித்துவிடுவான், சிரிக்கப் போகிறான் என்று. நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். அப்புறம் கண்ணைத் துடைத்தாய். நான் பாடி நீ அழுதது அதுதான் முதல் தடவை. அதை எப்படிக் கெடுப்பேன்? அப்புறம் புத்தகம் வந்துவிட்டது. ஒவ்வொரு வருஷமும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அந்தப் பேட்டியைப் பார்க்கிறவரை. தப்பு என்னுடையதும்தான்.

இந்த ஒரு கேசட்தான் இருக்கிறது. நகல் எடுக்கவில்லை. அந்த மனுஷனுக்கே நேராக அனுப்பியிருக்கலாம், உன் மாப்பிள்ளை அதைத்தான் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. உன்னை விட்டுவிட்டு இன்னொருவர் கையில் கொடுத்தால் நான் உன் தங்கை இல்லை. நீ என்ன செய்வாயோ செய். உடைத்துப் போட்டாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

பாட்டு முடிந்ததும் நிறுத்திவிடாதே. இரண்டாம் பக்கத்தைக் கடைசிவரை ஓடவிடு. அதைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

தங்கை


மார்ச் 25

அண்ணா,

பொட்டலம் 21ஆம் தேதியே உன் காப்பகத்தில் சேர்ந்துவிட்டது, காவலாளி கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று தபால் அலுவலகத்தில் சொன்னார்கள். போன் போட்டால் நீ எடுப்பதில்லை. எடுக்காததும் நல்லதுதான், எடுத்தால் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியவில்லை.

நேற்று விரிப்புகளை எண்ணி அனுப்புவதில் இரண்டு வார்டுக்கு மாற்றி அனுப்பிவிட்டேன். முப்பது வருஷத்தில் செய்யாத தப்பு. பெரியக்கா தினமும் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து, "அண்ணன் என்னடி சொன்னாரு?" என்று கேட்கிறாள். அவளுக்கும் பயம், தான் சொன்ன ஒரு வார்த்தையால்தான் இதெல்லாம் என்று. உன்னால் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

கோபமென்றால் கோபம் என்று எழுது. இனி உன் முகத்தில் விழிக்காதே என்றாலும் எழுது. ஒன்றும் எழுதாமல் மட்டும் இருக்காதே. வாசலில் தபால்காரர் சைக்கிள் நிற்கிற சத்தம் கேட்டாலே போட்டது போட்டபடி ஓடுகிறேன்.

சாப்பிடு. விசாரணை நாளிலாவது சாப்பிட்டுவிட்டுப் போ.

வாலு


மார்ச் 30

அன்புள்ள வாலுக்கு,

முதலில் தகவலைச் சொல்லிவிடுகிறேன், நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டாம். புகார் தள்ளுபடி ஆயிற்று. அந்தப் பெரியவரிடமும் மகனிடமும் நான் மன்னிப்புக் கேட்டு, கட்டுரை வந்த அதே பத்திரிகையில் அதே அளவில் வெளியிட வேண்டும். எழுதிவிட்டேன். காப்பகத்தில் விடுப்பில் போகச் சொல்லியிருக்கிறார்கள், திரும்பக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. புத்தகத்தைப் பதிப்பகமே நிறுத்திக்கொண்டது. சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். 21ஆம் தேதி காப்பகத்து அறையைச் சாத்திக்கொண்டு கேட்டேன். பாட்டு ஆரம்பித்த நாலாவது நொடியில் தெரிந்துவிட்டது. வந்தது வெட்கம் இல்லை, கோபம். உன் மேல் அப்படி ஒரு கோபம். பாட்டு முடிந்ததும் நிறுத்தி, உன் கடிதத்தையும் கேசட்டையும் மேசை இழுப்பறைக்குள் போட்டுத் தள்ளினேன். ஆறு நாள் திறக்கவில்லை. திறக்காமலே போய் உட்கார்ந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். கையெழுத்து இல்லாவிட்டால் என்ன, அந்தப் பெரியவரிடமும் சாட்சி இல்லையே. என் பேச்சைத்தான் நம்புவார்கள். இதை உன்னிடம் மறைக்கப் பிடிக்கவில்லை.

27ஆம் தேதி மத்தியானம், நீ கடைசிவரை ஓடவிடு என்று எழுதியது உறுத்தவே, மறுபடி போட்டேன். பாட்டு முடிந்தது. கொஞ்சம் இரைச்சல். அப்புறம் ஒரு சின்னப் பெண் அதே பாட்டைப் பாடுகிறாள். மேலே பதிவு செய்ய முடியாதபடி கேசட்டில் விட்டிருக்கும் ஓட்டையில் காகிதத்தைத் திணித்து நீ பதிவு செய்திருக்கிறாய், அப்பாவின் டேப் ரெக்கார்டரில். டிரம்பெட் இடம் வந்ததும் வாயாலேயே ஊதுகிறாய். இரண்டாவது வரியில் கதவு திறக்கிற சத்தம். ஒரு பையன் குரல்.

"நிறுத்து அதை. காது கூசுது. இந்தக் குப்பையைப் பாடிக்கிட்டு வெளியில யார்கிட்டயும் என் தங்கச்சின்னு சொல்லாதே."

அதற்கப்புறம் நாடா தீருகிறவரை ஒன்றும் இல்லை.

முப்பது வருஷமாக அடுத்தவர் குரலைப் பிடித்துப் பிடித்து அடுக்கி வைக்கிறவன் நான். என் குரலை எனக்குத் தெரியாதா? பத்தொன்பது வயதில் அந்தப் பாட்டைக் குப்பை என்றிருக்கிறேன். பதினாறு வருஷம் கழித்து அதே பாட்டு, அதே வாய், கேட்டு அழுதிருக்கிறேன். நடுவில் மாறியது என்ன? கொஞ்சம் மெதுவாகப் பாடினாய், கையில் ஈர விரிப்பு இருந்தது. என்னிடம் ஒரு பதிவுக் கருவியும் ஆராய்ச்சிக்கு ஒரு தலைப்பும் இருந்தன. நான் அழுதது பாட்டுக்குத்தானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. பாட்டுக்கும் கொஞ்சம் அழுதேன் என்று வைத்துக்கொள்.

காப்பகத்தை விட்டு வருமுன் உங்கள் பாட்டின் விவர அட்டையை எடுத்துப் பார்த்தேன். 'பாடியவர்' என்ற இடத்தில் 'பெயர் தெரியவில்லை' என்று என் கையெழுத்து. மற்ற ஐந்து பேரைக் கேட்கவில்லை என்பது என் சோம்பேறித்தனம். உன்னை எழுதாமல் விட்டது தெரியாததால் அல்ல. ஆராய்ச்சியாளனின் தங்கையே பாடினாள் என்றால் பாட்டின் மதிப்புக் குறைந்துவிடும் என்று பயந்தேன். அந்த அட்டையைக் கிழித்துவிட்டேன். வெற்று அட்டை ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். ஆறு பேர் பெயரையும் நீயே எழுது. சிட்டு அன்றைக்குப் பாடவில்லை, ஆனாலும் முதல் பெயர் அவளுடையதாக இருக்கட்டும். மெட்டு போட்டவர் என்று ஒரு கோடு புதிதாகப் போட்டிருக்கிறேன், அதை நானே நிரப்பிவிட்டேன்.

தொப்பிக்காரன் பாட்டைப் பொறுமையாக முழுசாகக் கேட்டுப் பார்த்தேன். மன்னித்துக்கொள், எனக்கு இன்னும் தலைவலிதான். பிடித்துவிட்டது என்று எழுதினால் நீயே நம்ப மாட்டாய். பெரியக்கா ஆடியதை மட்டும் ஒரு நாள் வந்து பார்க்க ஆசை. கருவி எதுவும் கொண்டு வர மாட்டேன்.

விசாரணையில் நீண்ட மேசை, ஐந்து உறுப்பினர்கள், எதிரில் அப்பாவும் மகனும். மகன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தான். பெரியவரிடம் என்ன சாட்சி என்று கேட்டார்கள். "என் வாய்தாங்க சாட்சி" என்றார். எழுந்து நின்று பாடவே ஆரம்பித்துவிட்டார். மூச்சு வாங்கியது. மௌனம் வருகிற இடத்தில் மேசையில் இரண்டு தட்டு தட்டினார். உறுப்பினர் ஒருவர், என் நண்பர்தான், "பழைய பாட்டோட மலிவான நகல்" என்று என் பக்கம் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். என்னிடமிருந்து அவர் கற்றதாகக்கூட இருக்கும்.

என் முறை வந்தது. சட்டைப் பையிலிருந்து கேசட்டை எடுத்து மேசையில் வைத்தேன். காப்பகத்து இயந்திரத்தில் போட்டேன். உறையைப் பார்த்ததுமே பெரியவர் கையை நீட்டிவிட்டார், தொடவில்லை, நீட்டியபடியே வைத்திருந்தார். பாட்டு ஓடியது. முடிந்ததும் நிறுத்திவிடுவதாகத்தான் இருந்தேன், விரலைப் பொத்தான் மேல்தான் வைத்திருந்தேன். அழுத்தவில்லை. எல்லோரும் கேட்டார்கள், உன்னையும் கேட்டார்கள், என்னையும் கேட்டார்கள். என் நண்பர் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். நாடா தீர்ந்து பொத்தான் தானாக எகிறியது.

பெரியவர்தான் முதலில் பேசினார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "யாருங்க அந்தப் பொண்ணு? சுதி சுத்தமா இருக்கே" என்றார்.

"என் தங்கச்சிங்க" என்றேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

"அப்பவே என்கிட்ட வந்திருந்தா பேண்டுல சேத்திருப்பேனே" என்றார். பிறகு, "இன்னும் வீட்டுல பாடுதா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, வாலு. எழுது.

உன் அண்ணன்